இரும்புக் கால்களும் ஒரு கல்லும்

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலைக்குப் பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள். பாதங்களில் மட்டும் இரும்போடு களிமண். யார் கையும் படாமல் பெயர்ந்து வந்த ஒரு கல் அந்தப் பாதங்களைத் தாக்க, சிலை முழுவதும் தூளானது. தானியேல் நூலின் 2-ஆம் அதிகாரத்தில் வரும் கனவு இது.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள் அஞ்சி வாழ்ந்த நாட்களில், கிறிஸ்தவ இறையியலாளர் ஹிப்போலிட்டஸ் இந்நூலுக்கு உரை எழுதினார். பொன் பாபிலோன், வெள்ளி பாரசீகம், வெண்கலம் கிரேக்கம், இரும்பு ரோம் என்றார். ரோமின் பிடிக்குள் இருந்துகொண்டே ரோமும் விழும் என்று எழுத எத்தனை துணிவு வேண்டும்!

ஆனாலும் உலக முடிவு நெருங்கிவிட்டது என்று அவர் அவசரப்படவில்லை. சிரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போவோம் என்று பெண்களையும் குழந்தைகளையும்கூடப் பாலைவனத்துக்கு அழைத்துப் போனார். வழி தெரியாமல் அலைந்தவர்களைக் கொள்ளைக்கூட்டம் என்று எண்ணிக் கொல்லவிருந்தார் ஆளுநர். விசுவாசியான அவர் மனைவி மன்றாடியதால் உயிர் தப்பினார்கள். இதைச் சொல்லி, முடிவு வந்துவிட்டதென்று பதறாதீர்கள் என்கிறார் ஹிப்போலிட்டஸ்.

அஞ்சி வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்குத் தானியேல் நூல் ஓவியமாகவும் துணை நின்றது. அந்நூலில் தீச்சூளையில் எறியப்பட்டும் அழியாத மூன்று இளைஞர்கள் கைகளை உயர்த்தி நிற்கும் ஓவியத்தை ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் இன்றும் பார்க்கலாம். தலைக்கு மேலே இலைக்கொத்துடன் ஒரு புறா.

ஹிப்போலிட்டஸை 235-இல் பேரரசர் மாக்சிமினுஸ் சார்டினியாத் தீவுக்கு நாடுகடத்தினார் என்றும், அங்கேயே அவர் இறந்தார் என்றும் ரோமத் திருச்சபை மரபு சொல்கிறது.