தட்டில் வைத்த சில்லறை

ஹோட்டலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், சோம்பும் கற்கண்டும் இட்ட சிறு தட்டிலே பில்லை வைத்துக்கொண்டு பரிமாறியவர் வந்து நிற்பார். அந்தக் கணத்தில் நம்மில் மிகப் பெரிய தைரியசாலிக்குங்கூட நெஞ்சு சிறிது படபடக்கிறது. மீதிச் சில்லறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் கஞ்சன் என்று நினைப்பாரோ? பத்து ரூபாயை விட்டுவிட்டு எழுந்தால் முகம் சுளிப்பாரோ? ஐம்பது ரூபாயை வைத்தால் வீட்டிலே கேள்வி வருமோ? பள்ளிக்கூடத்துப் பரீக்ஷையில்கூட நாம் இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு கணக்குகள் போட்டதில்லை.

இப்படி நான் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், உடன் வந்திருந்த நண்பர் என்னைப் போல் மனக்கணக்குப் போடாமல், பரிமாறிய இளைஞரையே நேராகக் கேட்டுவிட்டார்: "தம்பி! இங்கே உனக்குச் சம்பளம் எவ்வளவு?"

இளைஞர் ஒரு தொகையைச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைக் கண்டு அவரே சமாதானமும் சொன்னார்: "மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லித்தான் ஐயா, முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார்."

'வருகிறவர்கள்' என்றது எங்களைத்தான்! எங்களை ஒரு வார்த்தை கேளாமலே அந்த முதலாளி எங்களைத் தம் வியாபாரத்தில் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். லாபத்தில் பங்கு இல்லை. சம்பளம் கொடுப்பதில் மட்டும் பங்கு!

* * *

உலகத்துப் பாஷைகளையெல்லாம் பார்த்தால், இந்தச் சில்லறைக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களே வேடிக்கையாயிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் 'குடிப்பதற்கு' என்கிறார்கள். ஜெர்மானியர் 'குடிகாசு' என்கிறார்கள். ருஷ்யர்கள் 'தேநீருக்கு' என்று கொடுக்கிறார்கள். நாமோ, "காபிக்கு வைத்துக்கொள்" என்கிறோம். தாகம் தணிப்பதாகச் சொல்லிக்கொண்டு கொடுப்பது எல்லாத் தேசத்துக்கும் பொது. இனாம் என்ற சொல் அரபியிலிருந்தும், பக்ஷீஸ் என்பது பாரசீகத்திலிருந்தும் நமக்கு வந்தவை. இரண்டும் மேலே இருப்பவர் மனமுவந்து கீழே இருப்பவருக்குக் கொடுக்கும் கொடையைக் குறிப்பவை. ஆனால், ஒருவருடைய வீட்டு அரிசியும் பருப்பும் இந்தத் தாகக் காசிலிருந்துதான் வரவேண்டும் என்று ஏற்பட்டுவிட்டால், அதைக் கொடை என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை மிகவும் உரக்கக் கேட்டவர்கள் இனாம் கொடுத்தவர்கள் அல்ல; வாங்கியவர்கள். அவர்களுடைய சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள நாம் அமெரிக்க தேசத்து ரயில்வண்டியில் ஏறவேண்டும்.

* * *

அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ம் வருஷத்தில். இரண்டு வருஷத்துக்கெல்லாம், 1867-ல், ஜார்ஜ் புல்மன் என்பவர், பிரயாணிகள் சுகமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டு போகத்தக்க ஆடம்பர ரயில் வண்டிகளை நடத்துவதற்கு ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். அந்த வண்டிகளில் படுக்கை விரிக்கவும், பெட்டி தூக்கவும், நள்ளிரவில் பிரயாணிகளின் பூட்ஸுகளைத் துடைத்து வைக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. புதிதாக விடுதலை பெற்று, கையில் நிலமோ பணமோ இல்லாமல் நின்ற கறுப்பு மக்களை அவர் அந்த வேலைக்கு அமர்த்தினார். சம்பளம் சொற்பம். மீதியை வண்டியில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!

பிரயாணிகளுக்கு இந்தப் போர்ட்டர்களின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எஜமானனுடைய பெயரால் அழைக்கும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. எஜமானர் பெயர் ஜார்ஜ் புல்மன் அல்லவா? 1926-ம் வருஷத்தில்தான் கம்பெனி ஒவ்வொரு வண்டியிலும் அந்தந்தப் போர்ட்டரின் சொந்தப் பெயரை எழுதித் தொங்கவிட ஏற்பாடு செய்தது.

முழுச் சம்பளம் பெறுவதற்கு ஒரு போர்ட்டர் மாதத்தில் 400 மணி நேரம் உழைக்கவேண்டும், அல்லது 11,000 மைல் பிரயாணம் செய்யவேண்டும். வண்டியிலே சாப்பிடும் சாப்பாட்டுக்கும், பிறருடைய பூட்ஸுக்குப் போடும் மெருகுக்கும் தம் கைப்பணத்தையே செலவழிக்கவேண்டும்.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. புல்மன் 1897-ல் காலமான பிறகு அந்தக் கம்பெனியின் தலைமைப் பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? ராபர்ட் லிங்கன், அடிமைகளை விடுவித்த மகான் ஆப்ரகாம் லிங்கனுடைய புதல்வர்! 1915-ல் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்த அரசாங்கக் கமிஷன் முன்பு அவர் சாக்ஷியம் சொல்ல நேர்ந்தது. போர்ட்டருக்குக் கம்பெனி கொடுக்கும் மாதச் சம்பளம் 27½ டாலர் என்பதும், பிரயாணிகளின் இனாமை நம்பித்தான் கம்பெனி இந்தச் சம்பளத்தைக் கட்டியிருக்கிறது என்பதும் அங்கே வெளியாயின. தகப்பனார் அறுத்தெறிந்த விலங்கின் ஒரு கண்ணி மகனுடைய கணக்குப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

* * *

இதற்கிடையில் அமெரிக்காவின் சில மாகாணங்களில், இனாம் கொடுப்பது ஜனநாயகத்துக்கு இழுக்கு என்று ஒரு கிளர்ச்சி எழுந்தது. 1909-ல் வாஷிங்டன் மாகாணம் இனாமையே சட்டத்தினால் தடுத்தது. வேறு சில மாகாணங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அந்தச் சட்டங்கள் அத்தனையும் ரத்தாகிவிட்டன. ஏன் நிலைக்கவில்லை என்பதை ஊகிப்பது கஷ்டமன்று. அந்தச் சட்டங்கள் கொடுப்பவன் கையைக் கட்டின. முதலாளியின் பணப்பையைத் திறக்கவில்லை. இனாமும் போய்ச் சம்பளமும் உயராவிட்டால் உழைப்பவன் எதைச் சாப்பிடுவது?

நோயின் வேரைக் கண்டவர்கள் போர்ட்டர்களே. 1925-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி, நியூயார்க் நகரத்தின் ஹார்லம் பகுதியில் அவர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். தலைமை வகித்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். அவர் போர்ட்டர் அல்ல, பத்திரிகாசிரியர். அதனாலேயே அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் கம்பெனிக்கு இல்லாமல் போயிற்று! சங்கத்தில் சேர்ந்தவர்களைக் கம்பெனி கண்டுபிடித்து நீக்கிற்று. ஆகையால் அநேக ஊர்களில் போர்ட்டர்களின் மனைவிமார்களே சங்கத்தின் வேலையை இரகசியமாக நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் ரோஸினா டக்கர் என்ற மாது. அவரைத் தண்டிப்பதற்காகக் கணவரை வேலையிலிருந்து விலக்கியபோது, அந்த அம்மாள் நேரே மேலதிகாரியின் காரியாலயத்துக்குள் நுழைந்து நியாயம் கேட்டார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இந்தச் சங்கத்தார் செய்த ஒரு காரியத்தை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக இனாமை நம்பச் செய்வது சட்ட விரோதம் என்று அவர்கள் ரயில்வேக்களை மேற்பார்க்கும் அரசாங்கக் கமிஷனிடம் மனுச் செய்துகொண்டார்கள். "எங்களுக்கு இனாம் வேண்டாம், சம்பளம் கொடுங்கள்" என்பதே அதன் சாரம். இது தன் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமல்ல என்று 1928-ல் கமிஷன் மனுவைத் தள்ளிவிட்டது. சங்கம் தளரவில்லை. 1937-ம் வருஷம், அதே ஆகஸ்டு 25-ந் தேதி, சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கம்பெனி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, 400 மணி நேரம் 240 ஆகக் குறைந்தது.

பூட்ஸு துடைத்தவர்களின் அந்தச் சங்கம் அதோடு நின்றுவிடவில்லை. 1955-ல் மாண்ட்கோமரி நகரத்து பஸ் பகிஷ்காரத்தை மூட்டிவிட்டவர்களில் ஒருவரான ஈ. டி. நிக்ஸன் ஒரு புல்மன் போர்ட்டர். காந்தி மகானின் அஹிம்சை வழியை அமெரிக்க மண்ணில் நிலைநாட்டிய போராட்டம் அது. 1963-ல் தலைநகரை நோக்கி லக்ஷக்கணக்கானோர் திரண்ட ஊர்வலத்துக்குத் தலைவராக நின்றவரும் முதியவரான அதே ராண்டால்ஃப்தான்.

* * *

ஆனால் போர்ட்டர்கள் வென்ற நியாயம் அமெரிக்க ஹோட்டல்களின் சமையலறை வாயிலைத் தாண்டி உள்ளே போகவில்லை. 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஹோட்டல் ஊழியர்கள் விடப்பட்டார்கள். 1966-ல் அவர்களைச் சேர்த்தபோதோ, இனாம் வாங்குகிறவருக்குக் கூலியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை முதலாளிகளுக்குக் கிடைத்தது. 1991 முதல், இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய மத்திய சட்டக் கூலி மணிக்கு 2 டாலர் 13 ஸெண்டு. மற்றவர்களுக்கு 2009 முதல் 7 டாலர் 25 ஸெண்டு. இனாமும் சேர்ந்து அந்தத் தொகை வராவிட்டால் குறையை முதலாளி ஈடு செய்யவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிபோர்னியா முதலிய ஏழு மாகாணங்கள் மட்டும், முழுக் கூலியையும் கொடு, இனாம் அதற்கு மேலே என்று விதித்திருக்கின்றன.

நம் தேசத்துக்கு வருவோம். இங்கே சில ஹோட்டல்காரர்கள் வேறொரு யுக்தியைக் கண்டார்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லிலேயே ஒரு தொகையைச் சேர்த்துவிட்டார்கள். உபசாரத்துக்கான பணம் என்று பெயர். அது பரிமாறியவர் கைக்குப் போகிறதா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி, இப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று விதித்தது. ஹோட்டல்காரர்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச் 28-ந் தேதி கோர்ட்டு அவர்களுடைய வாதத்தை நிராகரித்து, கட்டாயமாக வசூலிப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புக் கூறியது. மனமுவந்து கொடுப்பதற்குத் தடை இல்லை.

அப்படியானால் நாம் என்னதான் செய்வது? இனாம் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? கூடாது. 1909-ம் வருஷத்து வாஷிங்டன் சட்டம் செய்த பிழையை நாமும் செய்ததாகும். முதலாளிமீதுள்ள கோபத்தைப் பரிமாறுகிறவர் வயிற்றில் காட்டுவதாகும். தாராளமாகக் கொடுப்போம், தட்டில் வீசாமல், முகத்தைப் பார்த்துக் கையிலே கொடுப்போம். ஆனால் கொடுத்ததனாலேயே கடமை தீர்ந்தது என்று மட்டும் நினைக்கவேண்டாம். சம்பளம் என்பது கேட்டு வாங்கும் உரிமை. இனாம் என்பது காத்து நின்று வாங்குவது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

* * *

இவ்வளவையும் அன்றிரவு வீட்டில் ஆவேசமாக எடுத்துச் சொன்னேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தினோம்?" என்றாள்.

நான் யோசித்தேன். போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புடவை நினைவுக்கு வந்தது, பச்சை நிறம். அதற்கு முந்தின தீபாவளிக்கு மஞ்சள். அதற்கும் முந்தின வருஷம் அரக்குக் கரை போட்டது. மூன்று புடவைகளின் நிறமும் எங்கள் இருவருக்கும் தெளிவாக ஞாபகம் இருந்தது. சம்பளம் உயர்த்திய வருஷம் மட்டும் இருவருக்குமே ஞாபகத்தில் இல்லை.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்த அம்மாளின் சம்பளம் உயர்ந்திருக்கிறது. புடவையும் உண்டு, அது தனி.