எண்ணும் ஊரும் – 9: மணவாளக்குறிச்சியை யார் அளந்தார்கள்?

சென்ற வாரம் பெருநகரங்களின் பட்டியலைப் பார்த்தோம். வாழ வசதியான நகரங்கள் எவை என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வரிசை அது. மொத்தம் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ளவற்றில் சென்னைக்கு நான்காம் இடம், கோவைக்கு ஏழாம் இடம். அதற்குச் சிறியவற்றில் சேலத்துக்கு ஐந்து, வேலூருக்கு ஆறு. நாகர்கோவில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அங்கிருந்து மேற்கே குளச்சல் போகும் வழியில், கடலையொட்டிக் கிடக்கும் மணவாளக்குறிச்சியை எவர் கணக்கில் தேடுவது? பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் பேரூராட்சி அது.

இப்படிப்பட்ட ஊருக்கு வழக்கமாகக் கிடைப்பது மாவட்டத்தின் மதிப்பெண். அது மிக நன்றாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். மாநிலத்தின் அளவு 80. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். மாநிலத் திட்டக்குழுவின் 2017-ம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் இந்த மாவட்டத்துக்கே முதலிடம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண்ணின் பள்ளிக்கூடங்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாவட்டத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் 18,70,374 பேர். மணவாளக்குறிச்சிக்காரர்கள் அதில் நூறில் ஒருவர்கூட இல்லை என்று எண்ணிப் பார்த்தால், ஊர் எப்படி இருந்தாலும் மாவட்டச் சராசரி அசையாது என்பது புரியும்.

பெண் தொகை கூடுதலாக இருப்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்கள் வளைகுடாவுக்கும் கேரளத் துறைமுகங்களுக்கும் தொழிலுக்குப் போய்விட்டால், ஊரில் எஞ்சியிருப்பவர்களில் பெண்கள் அதிகமாகத்தான் தெரிவார்கள். பிழைப்புக்காகப் பிரிந்த குடும்பங்களும் அந்த 1,019-க்குள் இருக்கின்றன.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு எண். குமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள் என்கிறது கணக்கெடுப்பு. சென்னைக்கு அடுத்த இடம். காரணம் எளிது. அன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருந்தன. பேரூராட்சி என்று சட்டம் சொல்லிவிட்டால், தென்னந்தோப்பும் வள்ளம் ஏற்றி வைத்த மணல்திட்டும் கணக்கெடுப்பில் 'நகரம்' ஆகிவிடும். வெறும் பெயர் மாற்றம்தானே என்று விட்டுவிட முடியாது. 2005-ம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு உரியதாக இருந்தது. பேரூராட்சிக் கூலித் தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை. கிராமசபையும் ஊராட்சிக்கு உரியதே. பக்கத்து ஊராட்சியில் ஒரு பெண் எழுந்து நின்று வரவு செலவு கேட்கலாம். பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு அந்தச் சபை இல்லை. நகர விகிதம் கூடுவதை வளர்ச்சி என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

சரி, ஊரளவிலேயே கணக்கெடுத்தால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை இறப்பு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020-ல் ஆயிரம் பிறப்புக்கு 13. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பதினான்கு பிறப்பு என்று வைத்தால், பத்தாயிரம் பேருள்ள ஊரில் 140 குழந்தைகள் பிறக்கும். ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 7. மாநிலத்தை விட மிக நல்ல ஊர். மறு ஆண்டு மூன்று குழந்தைகள் இறந்தால் 21. மிக மோசமான ஊர். இரண்டு வீட்டுத் துக்கத்தில் ஊரின் தரமே புரண்டுவிடும். அதனால் சிறிய ஊருக்கு ஓராண்டுக் கணக்கு உதவாது. ஐந்து, பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

அப்படிச் சேர்க்கப் போனால் பதிவேடு கைகொடுக்காது. 1969-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில் பதிவாகின்றன. மணவாளக்குறிச்சித் தாய்க்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் என்றால், குழந்தை அந்த இடத்துக் கணக்கில் ஏறும். பெற்றோரின் முகவரி படிவத்தில் இருக்கிறது. அதை வைத்து ஊர்வாரியாகப் பிரித்து, ஊர்க்காரர் கண்ணில் படும்படி வைத்தால்தான் பயன்.

இந்த ஊருக்கு இது வெறும் கணக்கு நுணுக்கமல்ல. ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, 1909-ல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையுடையது. மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு. அன்றைக்கு கேஸ் விளக்கின் வலைக்கு அது தேவைப்பட்டது. இன்று இங்கே மணல் ஆலையை நடத்துவது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறதா என்ற அச்சம் சின்னவிளை, பெரியவிளை, கடியப்பட்டணம் என்று கடற்கரை நெடுகிலும் தலைமுறையாக இருக்கிறது.

இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. 69,958 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, இயற்கைக் கதிர்வீச்சு கூடுவதால் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவை வெளியிட்டது. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்து, 'பயப்படாதீர்கள்' என்று சொல்வது தவறு. 'எங்கள் தெருவில் ஆறு பேருக்கு வந்தது' என்பதை மட்டும் வைத்து மணலைக் குற்றம் சொல்வதும் போதாது. பிறப்பு குறைந்து முதியோர் பெருகும் மாவட்டத்தில் புற்றுநோய் எப்படியும் கூடும். வயது வாரியாகப் பிரித்து ஒப்பிட்டால்தான் உண்மை பிடிபடும். சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போனவரையும் அவர் வசிக்கும் ஊரின் கணக்கில் சேர்க்க வேண்டும். கருநாகப்பள்ளிக்காரர்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடைத்தது. மணவாளக்குறிச்சிக்கும் அது கிடைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். 2011 கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வந்தவர்கள் குடிநீர் எங்கிருந்து, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்டார்கள். 'தண்ணி எப்பம் வரும் மக்கா?' என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை ஊர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வார்டில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஓர் ஆண்டுக்கு ஒரு நோட்டில் எழுதி வைக்க ஒரு பள்ளி மாணவி போதும்.

குழந்தை இறப்பு, புற்றுநோய் என்ற மற்ற இரண்டுக்கும் வாசகர்கள் ஒரு மனு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் பத்து ரூபாய், பதில் தர முப்பது நாள். கடந்த பத்தாண்டில் மணவாளக்குறிச்சி முகவரி உள்ளவர்களின் பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை, பதிவான காரணம் என்ன என்று கேளுங்கள். தனி ஆட்களின் பெயர் வேண்டாம், தொகை போதும். வரும் பதிலை எனக்கும் அனுப்பி வையுங்கள்.