ஆளுக்கேற்ற சைக்கிள்: அளவு கொடுத்துச் செய்யலாம்!

சட்டைக்கு அளவு கொடுக்கிறோம். பேண்டுக்கு அளவு கொடுக்கிறோம். செருப்பைக்கூடப் போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம்.

ஆனால் தினமும் நம் உடம்பைச் சுமக்கும் சைக்கிளை மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டியபடியே வாங்கி வந்துவிடுகிறோம்!

காலை ஷிப்டு நேரத்தில் கோபர்கைரனே சாலையோரம் நின்று பாருங்கள். தானே-வாஷி ரயில் பாதை 2004-ல் திறந்த பிறகும், மகாபே, ரபாலே தொழிற்பேட்டைகளுக்குப் போகிறவர்களில் சைக்கிளை விடாதவர்கள் உண்டு. ஒருவர் எட்டாத பெடலுக்காக இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்து மிதிப்பார். இன்னொருவருக்கு முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கும்.

அப்பாவின் 24 அங்குல சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள்தானே நாம்! அப்போது அது விளையாட்டு. 40 வயதில் அப்படி அல்ல. இதை எழுதுபவன் உயரம் 5 அடி 3 அங்குலம். 22 அங்குல பிரேமை ஆறு வருடம் மிதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவன்.

சுவரும் புத்தகமும்

அளவு எடுக்க டாக்டர் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்துகிற அளவுக்கு மேலே அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை இன்னொருவர் டேப் பிடிக்கட்டும். அதுதான் உங்கள் கால் நீளம்.

அந்த நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சு இருக்கும் நடுப் பெட்டியின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை இருக்க வேண்டிய உயரம் வரும். 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. 0.67 ஆல் பெருக்கினால் பிரேம் உயரம் கிடைக்கும். கால் நீளம் 75 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 66 செ.மீ.; பிரேம் சுமார் 50 செ.மீ., அதாவது 20 அங்குலம். பந்தயக்காரர் கணக்குத்தான்; கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனாலும் என் 22 அங்குலம் எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது!

பிரேம் செய்கிற மிஸ்திரிக்கு இது மட்டும் போதாது. கை நீளம், உடல் நீளம் கேட்பார். மேல் பாரின் நீளம் அதைப் பொறுத்தது. பார் நீண்டுவிட்டால் கழுத்தும் தோளும் இழுக்கும். உங்கள் பழைய சைக்கிளையும் கொண்டுபோங்கள். எங்கே வலிக்கிறது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேரியரில் பால் கேனோ, மனைவியோ, பிள்ளையோ? பின்சக்கரத்தைத் தாங்கும் குழாயைச் சற்று நீளமாக வைத்தால் சுமை ஏற்றினாலும் முன்சக்கரம் தூக்காது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிள்ளையை உட்கார வைக்க முன்னால் ஒரு பார் இருக்கிறதே! தேவையைச் சொன்னால்தான் பிரேம் அதற்கேற்ப அமையும்.

கேட் வெல்டரிடம் போகாதீர்கள்!

"கம்பிக் கதவு செய்கிறவரிடம் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. என் பிரேமில் விரிசல் விட்டபோது ஓர் ஒர்க்ஷாப்பில் கொடுத்து ஆர்க் வெல்டிங் வைத்தேன். இரண்டு மாதத்தில், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளந்தது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் தானே-பேலாப்பூர் சாலையில் அது நடக்காதது என் அதிர்ஷ்டம்.

நல்ல பிரேம் குழாயின் சுவர் 1 மி.மீ. கூட இராது. பட்டட் குழாய் என்ற வகையில் முனைகள் 0.8 மி.மீ. இருந்தால் நடுவில் 0.5 அல்லது 0.6 தான். இணைப்பு வருகிற முனையில் தடிப்பு, பாரம் குறைய நடுவில் மெல்லிசு. இதற்கு 1897-ல் காப்புரிமை வாங்கியது பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ் நிறுவனம். அது பிறகு இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்துதான் முருகப்பா குடும்பத்தார் 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். அம்பத்தூர் ஹெர்குலிஸ் ஞாபகம் இருக்கிறதா?

இத்தனை மெல்லிய குழாயில் ஆர்க் வைத்தால் எரிந்து ஓட்டை விழும். விழாவிட்டாலும் பக்கத்து இரும்பு பலம் இழக்கும். அதனால் பித்தளை அல்லது வெள்ளிக் கம்பியால் பிரேசிங் செய்கிறார்கள். பித்தளைக்குச் சுமார் 900 டிகிரி, வெள்ளிக் கலவைக்கு அதைவிடக் குறைவு. இரும்பு உருகாது. உருகிய பித்தளை, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இடுக்குக்குள் தானே ஓடிப் பரவும்.

இரும்பு பழங்காலச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1948-ல் தொடங்கிய ஜப்பானின் கெய்ரின் பந்தயத்தில், அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் வீரருக்கு அளவெடுத்துச் செய்த இரும்பு பிரேமில்தான் ஓட்டுகிறார்கள்.

பிரேசிங் தெரிந்த கைகள் நம் பக்கம் நிறையவே உண்டு. ஏ.சி., பிரிட்ஜ் மெக்கானிக்குகள் செம்புக் குழாய் ஒட்டுவது அப்படித்தான். ஆனால் பிரேம் செய்ய, குழாய்களைக் கோணம் தவறாமல் பிடிக்கும் ஜிக்கும், முன்பு செய்த பழக்கமும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நாட்டிலேயே குறைவு. காத்திருக்க நேரும். விலை, கடைச் சைக்கிளைப் போலப் பல மடங்கு ஆகும். சம்பளக்காரர் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அவர்கள் அந்த இரண்டு கணக்கையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போனாலே போதும்: சரியான அங்குல பிரேமைக் கேட்டு வாங்கி, சீட்டை அளந்து வைக்கலாம்.

செய்யக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். தலைக்குழாயிலிருந்து பின்சக்கர முனைகள் வரை நூல் கட்டி, சீட் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கேரியர், ஸ்டாண்டு, டைனமோ பிடிகளையும் அப்போதே ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டினால் பெயிண்ட் கருகும்.