வேறு மதத்தின் வேதத்தை எரிக்கச் சொல்கிறதா பைபிள்? எபேசு முதல் கோவை வரை

கோவை டவுன்ஹாலில் பஸ் இறங்கி நடந்தால் கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதி அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல், பெரிய கடை வீதி புனித மைக்கேல் பேராலயம் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த ஊரும் இதுதான். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் புனித நூலுக்குத் தீ வைக்கும் வீடியோ வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தால், ‘அது வெளிநாட்டுச் சமாச்சாரம்’ என்று இந்த ஊர்க்காரர்களால் தள்ளிவிட முடியாது. எரித்தவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரிடம்தான் கேள்வி வரும்: “ஏனுங்க, உங்க பைபிள்ல இப்படித்தான் போட்டிருக்குதுங்களா?”

போட்டிருக்கிறதா?

ஒரே அதிகாரத்தில் இரண்டு சம்பவங்கள்

புத்தக எரிப்பை நியாயப்படுத்தும் போதகர்கள் வழக்கமாகக் கைகாட்டும் இடம், அப்போஸ்தலர் நடபடிகள் 19-ம் அதிகாரம். எபேசு பட்டணத்தில் மந்திர வித்தை செய்துவந்தவர்கள் பலர் பவுலின் போதனையைக் கேட்டு மனம் மாறுகிறார்கள். தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் கண்முன்னாலும் எரிக்கிறார்கள். அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று கணக்கும் இருக்கிறது.

சரி, அவை யாருடைய புத்தகங்கள்? எரித்தவர்களுடையவை. யாரும் பறிக்கவில்லை; யாருடைய கோயிலிலிருந்தும் எடுத்துவரவில்லை. சொந்தப் பிழைப்பை அவர்களே கொளுத்தினார்கள்.

அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் அடுத்த சம்பவம் வருகிறது. எபேசுவின் பெரிய தேவியின் பெயரில் வெள்ளிச் சிறு கோயில்கள் செய்து விற்ற தட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று ஊரைக் கூட்டிக் கலவரம் செய்கிறார்கள். கூட்டத்தை அடக்குபவர் அந்த ஊர் அதிகாரி. அவர் கிறிஸ்தவர் அல்ல. இந்த ஆட்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்கள் இல்லை, நம் தேவியைப் பழித்தவர்களும் இல்லை என்று 37-ம் வசனத்தில் அவர் சாட்சி சொல்கிறார். 19-ம் வசனத்தை மேடையில் முழங்குபவர்கள் இதுவரை வருவதே இல்லை.

சபையின் கை சுத்தமா?

இல்லை. 1242-ல் பாரிஸில் யூதர்களின் தல்மூத் கையெழுத்துப் பிரதிகள் 24 வண்டி நிறைய எரிக்கப்பட்டன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சிக்குப் பக்கம், உதயம்பேரூரில் 1599-ல் போர்த்துகீசியப் பேராயர் மெனசிஸ் கூட்டிய மாமன்றத்தில், தோமா கிறிஸ்தவர்களின் சிரியாக் நூல்கள் பல தவறானவை என்று அறிவிக்கப்பட்டன. திருத்து, இல்லையேல் எரி என்று உத்தரவு. கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களின் நூலை எரித்த கதை இது. அந்தச் சமூகத்தின் பழைய வரலாற்றுக்கு ஆதாரங்கள் குறைவாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வக் குரல் மாறியது 1965 அக்டோபர் 28-ல். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ ஏடு, மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் சபை ஒதுக்குவதில்லை என்றது. 2023-ல் ஸ்வீடனில் மசூதி வாசலில் குர்ஆன் எரிக்கப்பட்டபோது போப் பிரான்சிஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். எந்தச் சமூகம் புனிதமாக மதிக்கும் நூலையும் மதிக்க வேண்டும் என்றார்.

ஃபுளோரிடாவில் பேச்சு, காஷ்மீரில் தீ

அமெரிக்காவின் கெய்ன்ஸ்வில் நகரில் டெர்ரி ஜோன்ஸ் என்று ஒரு போதகர். அவருடைய சபையில் சுமார் 50 பேர்தான். 2010 செப்டம்பர் 11-ல் குர்ஆனை எரிக்கப்போவதாக அறிவித்தார். வத்திக்கான் கண்டித்தது, அமெரிக்காவின் பெரிய சபைகள் கண்டித்தன. கடைசி நேரத்தில் அவர் பின்வாங்கினார்.

ஆனால் அமெரிக்காவில் குர்ஆன் அவமதிக்கப்பட்டதாக டி.வி.யில் செய்தி ஓடியது. செப்டம்பர் 13-ல் காஷ்மீரின் தங்மார்க்கில், கிறிஸ்தவ நிர்வாகத்தில் இயங்கிய டிண்டேல் பிஸ்கோ பள்ளிக்குக் கூட்டம் தீ வைத்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் முஸ்லிம் குழந்தைகள். ஜோன்ஸுக்கும் அந்த வகுப்பறைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2011 மார்ச் 20-ல் அவருடைய சபையில் குர்ஆன் நிஜமாகவே எரிக்கப்பட்டது. ஏப்ரல் 1-ல் ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷெரீஃபில் ஐ.நா. அலுவலகத்துக்குள் கூட்டம் புகுந்தது. ஐ.நா.வுக்காக வேலை பார்த்த 7 பேர் செத்தார்கள். நால்வர் நேபாளக் காவலர்கள். கொன்றவர்களின் குற்றம் கொன்றவர்களுடையதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் தீ வைத்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சட்டம்: ஈரோட்டுக்காரர் மீது போட்ட வழக்கு

இந்தியாவில் இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போனது. 1953 மே 27-ல் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் வழக்குத் தொடர்ந்தார். அது வெறும் மண் பொம்மை, கோயிலில் வைத்து வழிபட்டதல்ல, எனவே புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1958-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பொருளை ஏதோ ஒரு பிரிவு மக்கள் புனிதமாகக் கருதினாலே போதும் என்றது. உதாரணமாக பைபிள், குர்ஆன், கிரந்த் சாகிப் பெயர்களையும் சொன்னது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் விசாரணைக்கு உத்தரவிடவில்லை.

‘அப்போ 1927-ல் அம்பேத்கர் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்தது?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். தன்னை மிதித்த நூலை மிதிபட்டவர் நிராகரிப்பது, எபேசுக்காரர்கள் செய்ததற்குத்தான் பக்கத்தில் வரும். அடுத்தவர் நெஞ்சில் வைத்திருப்பதைக் கொளுத்துவது வேறு. சட்டம் இந்த வேறுபாட்டையெல்லாம் அளக்காது, நோக்கத்தைத்தான் பார்க்கும். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 298-ன்படி, ஒரு பிரிவினரின் மதத்தை அவமதிக்கும் நோக்கத்தில் புனிதப் பொருளை அழித்தால் 2 ஆண்டு வரை சிறை. பிரிவு 299, வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 3 ஆண்டு வரை. இதில் ‘மின்னணு வழி’ என்ற சொல்லும் இருக்கிறது. எரித்தவர் மட்டுமல்ல, அந்தக் கெட்ட எண்ணத்தோடு வீடியோவைப் பரப்புபவரும் மாட்டலாம்.

வீட்டில் இருக்கும் பழைய படங்கள்

கொங்குப் பகுதி சபைகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரு குடும்பம் புதிதாகச் சபைக்கு வருகிறது. வீட்டில் சாமி படங்கள், கந்த சஷ்டி கவசப் புத்தகம் எல்லாம் இருக்கும். என்ன செய்வது? எபேசுவைக் காட்டி ‘கொளுத்துங்க’ என்று சொல்பவரும் உண்டு. ஆனால் அதே வீட்டில் மாமியாருக்கு அது இன்னும் சாமி படம். அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. வாசலில் போட்டு எரித்து ஸ்டேட்டஸ் வைத்தால், அது மனமாற்றத்தின் அடையாளம் இல்லை. தெருவுக்கே விடும் சவால்.

எரிப்பது மட்டுமே அவமதிப்பும் ஆகிவிடாது. கிழிந்துபோன பைபிளைக் குப்பையில் போட மனமில்லாமல் எரித்துச் சாம்பலைப் புதைக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பழைய குர்ஆனைத் துணியில் சுற்றிப் புதைக்கும் வழக்கம் முஸ்லிம்களிடம் உண்டு.

அடுத்தவர் வேதத்தைக் கையில் எடுத்த கிறிஸ்தவர்களில், மலைமேல் ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு.போப்பும் ஒருவர். மதம் பரப்ப வந்த ஆங்கிலிகன் குருவானவர். 1900-ல், 80 வயதில், சைவர்கள் ஓதும் திருவாசகத்தை முழுக்க ஆங்கிலமாக்கி ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். தமிழ் மூலத்தையும் அதே புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்.