மின்சாரக் காருக்கு ஒரு கூடாரம்: நம் ஊர் மழைக்கு யார் வடிவமைப்பது?

எரிவாயு அடுப்பு, கைவிளக்கு, பனிக்கட்டிப் பெட்டி. கூடாரமிட்டுத் தங்கப் போகிறவர்களின் மூட்டையில் இவை எப்போதும் இருக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் பாதி தேவைப்படாது. காரே ஒரு பெரிய மின்கலன்.

ஜூரோங்கில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஹுண்டாய் புத்தாக்க நிலையத்தில் தயாரிக்கப்பட்ட ‘ஐயோனிக் 5’ ஓர் எடுத்துக்காட்டு. மின்னேற்றும் இடத்தில் ஓர் இணைப்பானைப் பொருத்தினால், அந்தக் கார் 3.6 கிலோவாட் வரை வெளியே மின்சாரம் தரும். இதை ‘வி2எல்’ என்கிறார்கள்.

இப்படிப்பட்ட வசதிக்குப் பேரிடர்க் காலத் தேவையும் ஒரு காரணம். 2011ல் ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. மறு ஆண்டே மிட்சுபிஷி, தனது மின்சாரக் காரிலிருந்து 1,500 வாட் வரை எடுக்கக்கூடிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஓர் இரவுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? 50 வாட் மின்விசிறியும் 20 வாட் விளக்குகளும் 12 மணி நேரம் இயங்க 840 வாட்-மணி போதும். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்திற்கு 350 வாட்-மணி எடுக்கும். மொத்தம் ஏறத்தாழ 1.2 கிலோவாட்-மணி. 58 கிலோவாட்-மணி மின்கலனில் இது 2 விழுக்காடுதான்.

ஆக, மின்சாரம் சிக்கல் இல்லை. நம் வானிலைக்கும் வீட்டுக்கும் ஏற்ற துணைக்கருவிகளை வடிவமைப்பதுதான் சவால்.

<b>மழை, புழுக்கம், கொசு</b>

குளிர் நாடுகளுக்கான கூடாரங்கள் உள்ளிருக்கும் வெப்பத்தைக் காக்க முயல்கின்றன. நமக்கோ வெப்பம் வெளியேற வேண்டும். காரின் பின்கதவைத் திறந்து அதன்மேல் மாட்டும் கூடாரத்தில் காற்று நுழைய வேண்டும்; கொசுவும் சாரலும் நுழையக்கூடாது.

230 வோல்ட் மின்சாரமும் மழையும் சந்திக்கும் இடத்தில் தவறுக்கு இடமில்லை. எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் ‘ஐபி44’ தர இணைப்பானாவது தேவை. கம்பி, இணைப்பானுக்குக் கீழே சற்றுத் தொங்கிவிட்டு மேலேறினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

<b>எங்கே போடுவது, எங்கே வைப்பது?</b>

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் அனுமதி பெற்று, குறிப்பிட்ட பகுதிகளில்தான் கூடாரமிடலாம். கார், நிறுத்துமிடத்திலேயே நிற்கும். காரோடு சேர்ந்த கூடாரம் பெரும்பாலும் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போகும்போதுதான் பயன்படும். எனவே, தேவைப்பட்டால் காரிலிருந்து பிரிந்து தனியாகவும் நிற்கும் கூடாரமே நமக்குப் பொருத்தம்.

காரின் கூரைமேல் பொருத்தும் கூடாரமோ உயரத்தைக் கூட்டும். பல்லடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் உயர வரம்பு அதை உள்ளே விடாமல் போகலாம். காற்றின் எதிர்ப்பும் அதிகரித்து, கார் ஓடும் தூரம் குறையும். வீடு திரும்பியதும் ஈரத் துணியை வீவக வீட்டில் எப்படிக் காயவைப்பது, எந்த மூலையில் வைப்பது என்பதையும் வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டும்.

<b>தேக்காவில் தொடங்கலாம்</b>

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பின்கதவை அளந்து, அட்டையில் வெட்டிப் பாருங்கள். கொசுவலைத் துணி வாங்கி, தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்தால் முதல் மாதிரி உருவாகிவிடும். ஓரங்களில் காந்தம் வைத்தால் எஃகில் ஒட்டும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. எனவே, கொக்கிகளும் தேவைப்படலாம். பிறகு நீர்க்குழாயைத் திறந்து சோதியுங்கள். எங்கே ஒழுகுகிறதோ, அங்கிருந்துதான் இரண்டாவது மாதிரி தொடங்கும்.

2030 முதல் இங்குப் பதிவாகும் புதிய கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் இயங்க வேண்டும். இன்று உயர்நிலைப் பள்ளியிலும் தொழிற்கல்லூரியிலும் படிப்பவர்கள் வேலைக்குச் செல்லும் காலம் அது. காரை வேறு நாட்டவர் வடிவமைத்திருக்கலாம். நம் மழையில் அதன் அருகே ஒரு குடும்பம் நனையாமல் உறங்குவது எப்படி என்பதை நம்மைவிட நன்றாக யார் அறிவார்?