கட்டடமா, கட்டணமா?

உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. விடுதியுள்ள உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளையின் கையில் பள்ளிக்கூடம் ஒரு பட்டியலைக் கொடுத்தனுப்பும். மெத்தை, போர்வை, பூட்டோடு பெட்டி, வாளி, துடைப்பம், வெள்ளைத்தாள் கட்டு, கழிப்பறைத் தாள் சுருள்கள், சர்க்கரை என்று அது நீளும். பருவக் கட்டணம் தனி, சீருடை தனி, பரீட்சைக் கட்டணம் தனி. வருடத்துக்கு மூன்று பருவம். கட்டணப் பாக்கி இருந்தால் பருவத்தின் நடுவிலேயே பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் அங்கே சாதாரணம். தாயும் தகப்பனும் இருக்கிற வீடே இந்தப் பட்டியலைப் பார்த்தால் மலைக்கும். விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம், ராக்காய், மசாக்கா மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் இதைக் கையில் வாங்குபவர் பாட்டி. உகாண்டாவில் எய்ட்ஸ் முதன்முதலில் தென்பட்டது 1982இல், அன்றைய ராக்காய் மாவட்டத்தில் இருந்த கசென்செரோ என்ற மீனவர் ஊரில். அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் அந்த நோய் நடுவயதுக்காரர்களை வாரிக்கொண்டு போயிற்று. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு, ஓய்ந்து உட்காரவேண்டிய வயதில் கிழவிகளின் தலையில் விழுந்தது.

கடல்கடந்த சபைகள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆப்பிரிக்கச் சபையொன்றிலிருந்து வந்த பிள்ளைகளின் படங்களும் பெயர்களும் வாசலருகே மேசையில் வைக்கப்படும். விரும்பியவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை மாதாமாதம் ஏற்றுக்கொள்வார். இந்த வழக்கம் பரவலானதற்குக் கொரியப் போர் முக்கியக் காரணம். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக பாப் பியர்ஸ் 1950இல் வேர்ல்ட் விஷனையும், எவரெட் ஸ்வான்சன் 1952இல் பின்னாளில் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்று பெயர்பெற்ற அமைப்பையும் தொடங்கினார்கள். பெரிய அமைப்புகளை நம்பாமல் சபைக்குச் சபை நேராகவே உறவு வைத்துக்கொண்டு உதவுகிறவர்களும் இன்று ஏராளம். அனுப்புகிறவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை. பணம் எதன்மீது விழுகிறது என்பதில்தான் கேள்வி. பிள்ளை இப்போது இருக்கிற வீட்டிலேயே இருக்க, அதன் பள்ளிச் செலவை முடியும்வரை கட்டுகிற சபை பெரிய காரியம் செய்கிறது. பிள்ளையை அந்த வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்து ஆதரவற்றோர் இல்லம் கட்டுகிற சபை, பலமடங்கு செலவு செய்து அதைவிடக் குறைவாகவே சாதிக்கிறது.

யார் இந்தப் பிள்ளைகள் என்று முதலில் பார்க்கவேண்டும். தாய் தந்தையரில் ஒருவரை இழந்தாலும் யுனிசெஃப் கணக்கில் அது பெற்றோரை இழந்த பிள்ளைதான். 2015இல் உலகம் முழுக்க அப்படிச் சுமார் 14 கோடிப் பேர். இருவரையும் இழந்தவர்கள் 1.5 கோடி. ஆகவே பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். மற்றவர்களிலும் பலருக்குப் பாட்டியோ சித்தியோ மாமனோ உண்டு. அப்படியானால் சொந்தக்காரர்களே படிக்கவைக்க மாட்டார்களா என்று கேட்கலாம். ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன், ஜோசஃப் ஏப்லைடிங்கர் ஆகிய மூவர் பத்து ஆப்பிரிக்க நாடுகளின் குடும்ப ஆய்வுகளை அலசி 2004இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. ஒரே கூரையின்கீழ் வளர்ந்தாலும், அந்த வீட்டுச் சொந்தப் பிள்ளைகளைவிட அண்டி வந்த பிள்ளை பள்ளிக்குப் போகும் வாய்ப்பு குறைவு. குடும்பத் தலைவருக்கும் பிள்ளைக்கும் உறவு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அந்த வாய்ப்பும் சுருங்குகிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் அந்தப் புள்ளிவிவரம் வேறுவிதமாகச் சொல்கிறது. இது கல்நெஞ்சின் அடையாளமென்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேருக்கான கட்டணத்தை நான்கு பேருக்குப் பங்கிடவேண்டிய வீட்டில் யாராவது ஒருவர் நின்றாகவேண்டும். வந்த பிள்ளை நிற்கிறது. வெளியிலிருந்து வரும் பணம் சரியாக அந்த ஒரு இடத்தை அடைத்தால் வீட்டின் கணக்கே மாறிவிடும்.

மாறுகிறது என்பதற்கு ஜிம்பாப்வேயில் நடந்த ஒரு சோதனை நல்ல சாட்சி. நாட்டின் கிழக்குப் பகுதிக் கிராமங்களில், பெற்றோரை இழந்த சுமார் 330 பெண் பிள்ளைகள் அதில் இடம்பெற்றார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பள்ளிகளில் அவர்களுக்குக் கட்டணம், சீருடை, நோட்டுகள் கிடைத்தன. கூடவே ஒவ்வொரு பள்ளியிலும் உதவியாளர் ஒருவர், பிள்ளை வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சிக்கலைத் தீர்த்துவைக்க. மதிய உணவு இரு தரப்புப் பள்ளிகளிலும் எல்லோருக்கும் உண்டு. ஆகவே வித்தியாசம் சோற்றால் வந்ததில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களிடையே படிப்பை நிறுத்துவது 82 சதவீதமும், கல்யாணம் ஆகிப்போவது 63 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த முடிவு 2011இல் வெளியானது. அதிலும் அந்த உதவியாளரைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். உள்ளூர்ச் சபை ஒழுங்காக இயங்கினால், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தப் பெண் பிள்ளை இரண்டு வாரமாகக் கண்ணில் படவில்லை என்பது அதற்குத் தானாகவே தெரியும். அமெரிக்காவிலிருந்து பணம் வரலாம், இந்தத் தகவல் வராது.

பிள்ளைகள் வளர்ந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கம்பேஷன் உதவி பெற்றவர்களைப் பற்றி ப்ரூஸ் வைடிக், பால் க்ளூவி, லெய்ன் ரட்லெட்ஜ் ஆகியோர் உகாண்டா, கென்யா, இந்தியா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேரிடம் விவரம் திரட்டினார்கள். ஆய்வின் சூட்சுமம் எளிது. திட்டம் ஊருக்கு வரும்போது 12 வயதுக்குட்பட்டவர்களையே சேர்ப்பார்கள்; கொஞ்சம் வயது தாண்டியதால் வாய்ப்பிழந்த அண்ணன் அக்காமாரோடு தம்பி தங்கைகளை ஒப்பிட்டார்கள். உதவி பெற்றவர்கள் ஒன்று முதல் ஒன்றரை வருடம்வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைப் படிப்பை முடிப்பவர்களின் விகிதம் 12 முதல் 16 சதவீதப் புள்ளிவரை ஏறியிருந்தது. அலுவலக வேலைக்குப் போகும் வாய்ப்பும் கூடியது. இதில் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர், ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் வேலை செய்த முறை ஒன்றுதான்: பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளிக்குப் போகிறது, பள்ளி முடிந்து உள்ளூர்ச் சபைக்கு வந்து படிக்கிறது, சாப்பிடுகிறது.

இனி கட்டடம். உகாண்டாவின் ராக்காய்க்குத் தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் ககேரா. அங்கே இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பராமரிக்க வருடத்துக்கு 1,000 டாலருக்கு மேல் ஆகிறதென்றும், வளர்ப்புக் குடும்பத்தில் விட்டு உதவுவதைப்போல் இது ஏறக்குறைய ஆறு மடங்கு என்றும் உலக வங்கி 1990களில் கணக்கிட்டது. பணத்தை விடுங்கள், இல்லம் வந்தால் அதை நிரப்பப் பிள்ளைகளும் வருவார்கள். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அவற்றிலிருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். நல்ல சாப்பாடும் ஆங்கிலப் படிப்பும் கிடைக்கும் என்று சொல்லித்தான் ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையை வாங்குகிறார்கள். இந்த வியாபாரத்தை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஆஸ்திரேலியா 2018இல் கருதத் தொடங்கியது. இவ்வளவு தெரிந்தும் சபைகள் இல்லத்தை ஏன் விரும்புகின்றன? கட்டடத்தைப் படம் பிடிக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம், கோடை விடுமுறையில் இளைஞர் குழுவை அனுப்பி வர்ணம் அடிக்கவைக்கலாம். பாட்டி கையில் இருக்கும் பருவக் கட்டண ரசீதை வைத்து இதில் எதுவும் செய்ய முடியாது.

இல்லங்கள் எல்லாமே மோசமா என்று யாராவது மடக்கினால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். கேத்ரின் வெட்டன் குழுவினர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இல்லத்தில் வளர்ந்தவர்கள் வீடுகளில் வளர்ந்தவர்களைவிட உடலிலோ அறிவிலோ பின்தங்கியிருக்கவில்லை. ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வு மாறாக, கைக்குழந்தைகளாக இல்லத்தில் கிடந்தவர்களின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்பட்டதைக் காட்டியது. வயதும் இடமும் வேறு, முடிவும் வேறு. ஆனால் முதல் ஆய்வு சொல்வதை அப்படியே ஏற்றாலும், ஆறு மடங்கு செலவழித்துச் சமமான பலனை வாங்குவதற்கு என்ன நியாயம்? போக இடமே இல்லாத பிள்ளைக்கு, அடிபட்டு ஓடிவந்த பிள்ளைக்கு இல்லம் வேண்டும். அது விதிவிலக்கு.

இன்னொரு மறுப்பு, ஊரில் ஒரு பிள்ளையை மட்டும் பொறுக்கியெடுப்பது அநியாயம், பள்ளிகளைச் சீர்செய்யவேண்டியது அரசு என்பது. உண்மை. உகாண்டா அரசு 1997இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை எடுத்ததும் பிள்ளைகள் பள்ளிக்குப் பெருவெள்ளமாய் வந்தார்கள்; எந்தச் சபையாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் தொடக்கப் பள்ளிக்கு மேல் இன்னமும் செலவில் பெரும்பங்கு வீட்டின் தலையில்தான். அரசு திருந்தும்வரை இன்றைய 13 வயதுப் பிள்ளை காத்திருக்காது. மதம் மாற்றவே இந்த உதவி என்கிற குற்றச்சாட்டை நம் நாட்டில் அதிகம் கேட்கிறோம். அரிசியைக் காட்டி ஞானஸ்நானம் வாங்குவது கேவலம், அதில் வாதமில்லை. எந்த மதத்துப் பிள்ளையானாலும் சேர்ப்போம், ஜெபத்துக்கு வராததால் கட்டணத்தை நிறுத்தமாட்டோம் என்று எழுதிக்கொடுக்கத் தயங்குகிற சபையிடம் வாங்காமலிருப்பதே நல்லது. ஆனால் இந்தச் சந்தேகத்தின் விலையைக் கட்டியவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டும். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்கீழ் முன்அனுமதி கட்டாயமாக்கப்பட்டபின் கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அப்போது ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது.

உதவி நின்றுபோவதற்குச் சட்டமே வரவேண்டும் என்பதில்லை. புதிய போதகர் வருவார், அவருக்கு வேறு ஊர்மேல் பாரம் இருக்கும். டாலர் தருகிறவருக்கு வேலை போகும். உகாண்டாவில் ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அடுத்த பொதுத்தேர்வுக்கு நான்கு வருடம், பல்கலைக்கழக வாசலுக்கு ஆறு வருடம். சபைகளின் பட்ஜெட்டோ ஒரு வருடத்துக்குத்தான் போடப்படுகிறது. இருபது பிள்ளைகளின் படத்தை மேசையில் பரப்புவதற்குமுன், ஐந்து பிள்ளைகளுக்கு நான்கு வருடக் கட்டணத்தை வங்கியில் போட்டுவைக்க முடியுமா என்று நிதிக்குழு கணக்குப் பார்க்கவேண்டும். பள்ளியின் பெயருக்கே பணத்தைச் செலுத்தி, ரசீதின் நகலைப் பாட்டிக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் தணிக்கையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.