கொழுப்பு: ஒரு சொல், ஒரு திசு, ஒரு பழி

தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார் என் பெரியப்பா. இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த ஆறு மாதத்தில் 70 கிலோ ஆள் 52 கிலோ ஆனார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நோயைவிடப் பெரியம்மாவின் அடுப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். "ஆக்கிப் போடறவ ஒழுங்கா ஆக்கிப் போட்டா மனுசன் இப்பிடி வத்திப் போவானா?" ராகிக் களி, முட்டை, ஆட்டுக்கால் சூப்பு என்று பெரியம்மா மாற்றி மாற்றி வைத்துக்கொண்டுதான் இருந்தார். இந்தப் பழி எங்கிருந்து வருகிறது?

தமிழில் கொழுப்பு ஒரு வசவு. 'உனக்குக் கொழுப்பா?' என்றால் தின்றது செரிக்காமல் திமிராக நிற்கிறது என்று பொருள். உழைக்காமல் சேர்ந்த உபரி. மருத்துவமும் நெடுங்காலம் ஏறத்தாழ இதே சொல்லாடலுக்குள்தான் இருந்தது: கொழுப்புத் திசு ஒரு குதிர்; கொட்டினால் நிறையும், அள்ளினால் குறையும். குதிர் வற்றினால் கொட்ட வேண்டியவள் மேல் குற்றம். 1994-இல் லெப்டின் கண்டறியப்பட்டபோது இந்தக் குதிர்க் கதை உடைந்தது. கொழுப்பு ஹார்மோன் சுரக்கிறது; மூளையோடு பேசுகிறது.

அது பற்றியும் எரிகிறது. பட்டினியில் உடம்பு சிக்கனமாகிவிடும்; முடிந்தவரை தசையைக் காத்துக் கொழுப்பைச் செலவிடும்; சோறு கிடைத்தால் மீளும். புற்றுநோய் உருக்கத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. கட்டியும் அதைச் சூழ்ந்த எதிர்ப்புச் செல்களும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. (இந்த டிஎன்எஃப்பும், உடலை உருக்குவதால் 'கக்கெக்டின்' என்று பெயரிடப்பட்ட பொருளும் ஒன்றே என்று 1985-இல் தெரிந்தது.) கொழுப்புத் திசுவுக்குள் விழுங்கு செல்கள் குவிகின்றன, நார் படிகிறது, கொழுப்பைப் பிளக்கும் நொதிகள் ஓயாமல் இயங்குகின்றன. அழன்ற திசு தானும் அதே புரதங்களைச் சுரக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நொதி இல்லாத எலிகளுக்குக் கட்டி வளர்ந்தபோதும் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் தப்பியது என்று 2011-இல் காட்டினார்கள். அப்படியானால் கொழுப்பின் அழிவு தசையின் அழிவுக்கும் வழி திறக்கிறது.

2014-இல் இன்னொன்று: எலிகளில் வெள்ளைக் கொழுப்பு பழுப்பாக மாறி, சக்தியை வெறும் வெப்பமாக விரயமாக்கியது. மனிதரில் இது எவ்வளவு என்பதில் விவாதம் தீரவில்லை. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுக் கவிழ்ந்த லாரிகளைப் பெரியப்பா நிறையப் பார்த்தவர். இது அதன் தலைகீழ்: நியூட்ரலில் எஞ்சின் உறுமுகிறது, டீசல் எரிகிறது, சக்கரம் நகர்வதில்லை, சூடு மட்டும் மிச்சம்.

வழக்கமான ஊட்ட உணவால் முழுமையாக மீட்க முடியாதது என்பது 2011-இல் வகுத்த சர்வதேச வரையறையிலேயே இருக்கிறது. அதற்காக உணவு வீண் என்றல்ல. பசியும்கூட அழற்சியால் மூளையில் அணைகிறது. புதுச்சேரி ஜிப்மரில் 124 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தினமும் 2.5 மில்லிகிராம் ஒலன்சபின் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். இரைப்பைப் புற்றுநோயாளிகளும் அதில் இருந்தார்கள்.

பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒருநாள் உட்கார்ந்து விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருந்தாலும் கண்ணு, களியில கொஞ்சம் நெய்யி ஊத்தியிருக்கலாமோ?"